பிரின்ஸின் ‘பேட்மேன்’ இசைத்தொகுப்பு: பல ஆண்டுகள் கேட்டபின் ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ரசிகர்களிடம் ‘பேட்மேன்’ இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு அணிகள் பிரிந்துவிடும். 1989 ஜூன் 20 அன்று, டிம் பர்ட்டன் இயக்கிய அதே பெயருடைய படம் திரைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பு வெளியான இந்தத் தொகுப்பை ஓர் அணியினர் அவருடைய படைப்புகளின் வரிசையில் சேர்க்கவே மாட்டார்கள். 1984இல் ‘பர்ப்பிள் ரெயின்’, 1987இல் ‘சைன் ஓ’ த டைம்ஸ்’ என்று தந்தவர் வார்னர் நிறுவனத்துக்காக முடித்துக் கொடுத்த ஒப்பந்த வேலை இது என்பது அவர்கள் கட்சி. மற்றோர் அணியினரோ, எண்பதுகளின் இறுதியில் அவர் தனியாக அமர்ந்து செதுக்கிய மிக இறுக்கமான ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும் நடன இசை) இதில்தான் இருக்கிறது என்று வாதிடுவார்கள். கேசட்டில் தொடங்கி, சிடிக்கு மாறி, இப்போது ஸ்ட்ரீமிங்கிலும் இதைத் தொடர்ந்து கேட்டுவருகிற எனக்கு இரண்டாம் அணியின் வாதமே சரியாகப் படுகிறது. ஆனாலும் முதல் அணியினரின் குறைகளில் சில உண்மையானவை என்பதால், எவை காலப்போக்கில் கரைந்தன, எவை இன்றும் அப்படியே நிற்கின்றன என்பதைப் பாடல் பாடலாகப் பார்ப்பதுதான் முறை.

முதலில் இது உருவான சூழலைச் சொல்லிவிட வேண்டும். 1988இல் வந்த ‘லவ்செக்ஸி’ தொகுப்பு அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை; அதையொட்டி நடத்திய கச்சேரிப் பயணமோ பெரும் செலவு பிடித்தது. அந்த நேரத்தில் பர்ட்டன் தம் படத்தின் காட்சிகளுக்குத் தற்காலிகமாகப் பிரின்ஸின் பழைய பாடல்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைத் தயாரித்ததும் வார்னர், பிரின்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்டதும் வார்னர் என்பதால் அழைப்பு போவதில் சிக்கல் இருக்கவில்லை. ஓரிரு பாடல்கள் கேட்கப்போக, இங்கிலாந்தில் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பிரின்ஸ், மினசோட்டாவில் உள்ள தம் பெய்ஸ்லி பார்க் ஒலிப்பதிவுக்கூடத்தில் சில வாரங்களுக்குள் ஒரு முழுத் தொகுப்பையே முடித்துவிட்டார். அந்த வேகம் பாடல்களில் தெரிகிறது. சில இடங்களில் அது அவசரமாகவும், பெரும்பாலான இடங்களில் தேவையற்ற அலங்காரத்துக்கு நேரமில்லாத சிக்கனமாகவும் வெளிப்படுகிறது.

கேட்பவர்கள் அதிகம் சொல்லும் குறை, இந்தப் பாடல்கள் படத்தில் எங்கே இருக்கின்றன என்பது. நியாயமான கேள்விதான். ஒன்பது பாடல்களில் படத்தில் உருப்படியாக இடம் பெறுபவை இரண்டே. ‘பார்ட்டிமேன்’ அருங்காட்சியகக் காட்சியில் வருகிறது. படத்தின் வில்லன் ஜோக்கரின் கூட்டாளி ஒருவன் தோளில் பெரிய டேப் ரெக்கார்டரைச் சுமந்து வர, ஜோக்கராக நடிக்கும் ஜாக் நிக்கல்சன் ஆடிக்கொண்டே ஓவியங்களின் மேல் சாயத்தை ஊற்றிச் சிதைக்கிறார். ஃபிரான்சிஸ் பேக்கனின் ஓவியத்துக்கு முன்னால் மட்டும் கூட்டாளியைத் தடுத்து, இது தனக்குப் பிடித்திருப்பதாகச் சொல்லி விட்டுவிடுகிறார். ‘டிரஸ்ட்’ பாடல், ஜோக்கர் ஊர்வலத்தில் டாலர் நோட்டுகளை வாரி இறைக்கும் இடத்தில் ஒலிக்கிறது. மற்றவற்றில் சில விருந்துக் காட்சியின் பின்னால் மெல்லக் கேட்டு மறைகின்றன, சில படத்திலேயே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுத் தொகுப்பை வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைந்ததில் வியப்பில்லை.

இதோடு பின்னணி இசை பற்றிய குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பாடல்களையும் பின்னணி இசையையும் ஒருவரே அமைப்பது நமக்குப் பழகிய முறை. இந்தப் படத்திலோ கதை நடக்கும் கோத்தம் நகரத்தின் இருட்டையும் பேட்மேனின் கம்பீரத்தையும் சுமக்கும் பெரிய இசைக்குழு இசை முழுவதும் டேனி எல்ஃப்மனுடையது. அது 1989 ஆகஸ்டில் தனித் தொகுப்பாக வந்தது. பிரின்ஸின் தட்டை வாங்கிப் போட்டுவிட்டு, படத்தின் தொடக்கத்தில் வரும் அந்த இசை எங்கே என்று தேடியவர்கள் அன்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இரண்டில் எது சிறந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அது பொருந்தாத ஒப்பீடாகவே தோன்றுகிறது. எல்ஃப்மனின் இசை படத்துக்கு உழைக்கிறது. பிரின்ஸின் பாடல்கள் படத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அவருடைய பழைய வேட்கைகளையே பேசுகின்றன.

இதற்குத் தொகுப்பிலேயே சான்று உண்டு. உறையில் ஒவ்வொரு பாடலும் ஒரு கதாபாத்திரத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது: ‘தி ஃப்யூச்சர்’ பேட்மேனுக்கு, ‘எலெக்ட்ரிக் சேர்’ ஜோக்கருக்கு, ‘விக்கி வெயிட்டிங்’ பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வெய்னுக்கு, ‘லெமன் க்ரஷ்’ கதாநாயகி விக்கி வேலுக்கு என்று. முதல் முறை கேட்கும்போது இதை நாடகப் பாத்திரப் பட்டியல் போல மதித்து, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பின்தொடரத் தோன்றும். தொடர்ந்து கேட்டால் அந்த முயற்சி தானாகவே கைவிட்டுப் போகும். ‘விக்கி வெயிட்டிங்’ முதலில் ‘அன்னா வெயிட்டிங்’ என்றே இருந்த பாடல். பெயரை மாற்றிக் கோத்தம் நகரத்தைச் சேர்த்து இங்கே கொண்டுவந்திருக்கிறார். குழந்தை என்ற பேச்சு எழுந்ததும் அஞ்சிப் பின்வாங்கும் ஓர் ஆணின் குரல் அதில் கேட்கிறது. தன்னைப் போல் இன்னொரு பிரதி இந்த உலகத்துக்குத் தேவைதானா என்று அவன் யோசிக்கும் இடம், முகமூடி அணிந்த எந்த வீரனையும்விடப் பிரின்ஸுக்கே நெருக்கமானது. ‘எலெக்ட்ரிக் சேர்’ பாடலும் அப்படித்தான்: மனத்தில் நினைப்பதே குற்றம் என்றால் தனக்கு மரண தண்டனை தரலாம் என்று சொல்பவன் ஜோக்கர் அல்ல, ஆசைக்கும் பாவ உணர்ச்சிக்கும் நடுவில் தம் பாடகவாழ்வு முழுவதையும் கழித்தவர்.

ஒலியின் அளவில் தொகுப்பின் உயிர் முதல் இரண்டு பாடல்களில் இருக்கிறது. ‘தி ஃப்யூச்சர்’ படத்தின் வசனத்துணுக்கோடு தொடங்கி, ஏறக்குறைய நகராத ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் ஓடுகிறது. பல்லவி என்று வெடித்து எழும் இடம் கிடையாது. டிரம் மெஷினின் சீரான அடி, அதன் இடுக்குகளில் அழுத்திச் சுரண்டும் கிட்டார், அடியில் படர்ந்த தந்தி இசை, இவற்றுக்கு மேல் உணர்ச்சி காட்டாத தாழ்ந்த குரல். புதிதாகக் கேட்கிறவர்கள் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று சொல்லக்கூடிய பாடல் இது. நான் சொல்லக்கூடியது, இதை மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டு முடிவு செய்யாதீர்கள் என்பதுதான். நல்ல ஹெட்போனில் இரவு நேரத்தில் கேட்டால், அந்தக் கிட்டார் ஒவ்வொரு சுற்றிலும் அடியைச் சற்று முன்பின்னாகத் தொட்டுச் செல்வது தெரியும். பதற்றம் முழுவதும் அந்த நுண்ணிய நெருடலில்தான் இருக்கிறது. அடுத்து வரும் ‘எலெக்ட்ரிக் சேர்’ இதற்கு நேர் எதிர். கனத்த கிட்டார் வாசிப்பு முன்னால் வந்து நிற்கிறது, பாடல் முடியும்போது தனி வாசிப்பு கட்டுப்பாடின்றிக் கதறுகிறது. பிரின்ஸை நல்ல கிட்டார் கலைஞர் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிற நண்பர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ‘பர்ப்பிள் ரெயின்’ அல்ல, இதுதான்.

நடுவில் தொய்வு உண்டு. ஷீனா ஈஸ்டனுடன் இணைந்து எழுதிப் பாடிய ‘தி ஆர்ம்ஸ் ஆஃப் ஓரியன்’ இனிமையான பாட்டுதான், ஆனால் அன்றைய வானொலிக்கென்றே அளந்து செய்த இனிமை. அதே இருவர் 1987இல் ‘யூ காட் த லுக்’ பாடலில் காட்டிய குறும்பு இதில் மருந்துக்கும் இல்லை. ‘எலெக்ட்ரிக் சேர்’ ஏற்றிய வெப்பத்தை ஐந்து நிமிடத்தில் இது தணித்துவிடுகிறது. ‘டிரஸ்ட்’ வேகமாக ஓடுகிறது, காட்சி இல்லாமல் கேட்டால் வேகம் மட்டுமே மிஞ்சுகிறது. ‘லெமன் க்ரஷ்’ பாடலைப் பலர் நிரப்பு என்று தள்ளிவிடுவது மட்டும் சரியல்ல. அதன் பேஸ் ஓட்டம் நடனக்கூடத்துக்கு இன்றும் போதும்.

‘ஸ்கேண்டலஸ்’ விஷயத்தில் இரு அணிகளுக்கும் கருத்து வேறுபாடு அநேகமாகக் கிடையாது. தந்தை ஜான் எல். நெல்சனுடன் சேர்ந்து எழுதியதாகப் பதிவாகியிருக்கும் இந்த மெதுவான காதல் பாட்டில், ஆறு நிமிடத்துக்கு மேல் அவர், இயல்பைவிட உயர்ந்து ஒலிக்கும் பொய்க்குரலிலேயே தங்கியிருக்கிறார். பொய்க்குரலைப் பளிச்சென்று ஓரிடத்தில் காட்டிவிட்டு இறங்குவது எளிது. அதிலேயே கெஞ்சி, சிரித்து, முனகி, கடைசியில் கூவி, எங்கும் சுருதி தளராமல் நிற்பது வேறு வித்தை. படத்தில் இது இறுதிப் பெயர்ப்பட்டியலின்போது வருவதால், எழுந்து போனவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். விக்கி வேலாக நடித்த கிம் பேசிங்கர் குரல் கொடுத்து நீட்டித்த ஒரு வடிவமும் அதே 1989இல் தனியாக வந்தது. ஆர்வத்துக்கு ஒருமுறை கேட்கலாம், தொகுப்பில் உள்ள வடிவத்துக்கு அது எதையும் கூட்டவில்லை.

கருத்துகள் மிகவும் மோதிக்கொள்ளும் இடம் கடைசிப் பாடலான ‘பேட்டான்ஸ்’. 1989 ஆகஸ்டில் அமெரிக்கப் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பிரின்ஸுக்கு அங்கே அது நான்காவது முதலிடம். தொகுப்பும் அந்தக் கோடையில் ஆறு வாரங்கள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. ஆனாலும் ‘இது ஒரு பாட்டா?’ என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. ‘டான்ஸ் வித் த டெவில்’ என்ற பாடலைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைத்த ஒட்டுவேலை இது. வெளியிட்டவை, வெளியிடாதவை என்று தம் பல பாடல்களின் துண்டுகள், படத்தின் வசனங்கள், 1966ஆம் ஆண்டுப் ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடருக்காக நீல் ஹெஃப்டி அமைத்த புகழ்பெற்ற முழக்கம் எல்லாவற்றையும் ஆறு நிமிடச் சொச்சத்துக்குள் மோதவிட்டிருக்கிறார். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் தாளம் பாதி வழியில் சட்டென்று அறுந்து, நிதானமான, வழுக்கலான ஒரு ஃபங்க் தாளத்துக்கு இறங்குகிறது. விக்கி வேலின் பெயர் வசனமாகத் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பகுதிதான் என் கணக்கில் தொகுப்பிலேயே மிக அழகான இடம். அதைத் தனிப்பாடலாக வளர்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மற்றபடி, மெட்டைத் தேடுகிறவர்களுக்கு ‘பேட்டான்ஸ்’ எரிச்சலூட்டும், ஒலிகளை வெட்டி ஒட்டுவதில் சுவை காண்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கிடைக்கும். எனக்குத் தொடக்கத்தில் வசனங்கள் தொல்லையாக இருந்தன. நாளாக ஆக அவை தாளத்தின் ஒரு கருவியாகவே காதில் விழுகின்றன.

கேட்கும் ஊடகம் பற்றி ஒரு வார்த்தை. இசைத்தட்டிலும் கேசட்டிலும் ‘விக்கி வெயிட்டிங்’ முடிந்ததும் முதல் பக்கம் தீர்ந்துவிடும். புரட்டிப் போடுகிற அந்த இடைவெளி இந்தத் தொகுப்புக்கு நல்லது. சிடியில் 42 நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரே மூச்சில் ஓடும்போது, அந்தக் கால எண்ணிம (டிஜிட்டல்) ஒலிப்பதிவின் உலர்ந்த தன்மையும் டிரம் மெஷினின் ஒரே மாதிரியான அடியும் இரண்டாம் பாதியில் சலிப்புத் தரலாம். இதனால் நான் பெரும்பாலும் இரண்டு பகுதியாகவே கேட்கிறேன். கேசட்டின் மங்கிய ஒலி அந்தக் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி உதவியது என்பது ஒலித்தூய்மை பேசுகிறவர்களுக்குக் கசக்கும். கறுப்புத் தகரப் பெட்டியில் வந்த சிடி இன்று சேகரிப்பாளர்களின் பொருள், பாடல்கள் என்னவோ ஒன்றுதான்.

இத்தனை விற்ற தொகுப்பு பிறகு ஏன் பேச்சிலிருந்து ஒதுங்கியது என்பதற்கு ரசனை மட்டும் காரணம் அல்ல. 1993இல் பிரின்ஸின் வெற்றிப் பாடல்களைத் திரட்டி மூன்று தட்டுகளாக வெளியிட்டபோது, இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாடல்கூட அதில் இடம் பெறவில்லை. அவரை அந்தத் திரட்டு வழியாக அறிந்துகொண்ட தலைமுறைக்கு ‘பேட்மேன்’ நடக்காத ஒன்றாகவே போய்விட்டது. அவர் மறைந்த 2016ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘ஃபோரெவர்’ என்ற திரட்டில்தான் ‘பேட்டான்ஸ்’ இடம் பிடித்தது.

தொகுப்பு பிடித்துப்போனவர்கள் அதோடு நிறுத்திவிடாமல் ‘பேட்டான்ஸ்’ தனிப்பாடல் தட்டின் மறுபக்கத்தில் வந்த ‘டூ ஹண்ட்ரட் பலூன்ஸ்’ பாடலையும் தேடிக் கேட்க வேண்டும். ஊர்வலக் காட்சிக்கு முதலில் எழுதப்பட்டது இதுதான். பிறகுதான் அதன் இடத்துக்கு ‘டிரஸ்ட்’ வந்தது. நச்சுப்புகை நிரப்பிய ராட்சத பலூன்கள் தெருவில் மிதந்து வரும் அந்தக் காட்சியை ஒலியை அடைத்துவிட்டு, இந்தப் பாடலை ஓடவிட்டுப் பார்த்தேன். ஜோக்கரின் வஞ்சகம் கலந்த களியாட்டம் ‘டிரஸ்ட்’ பாடலைவிட இதில்தான் பொருந்தி வருகிறது என்பது என் கருத்து.