குளிர்கால விடுமுறைக்கு வின்டர்மியரா, கெசிக்கா?

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாவில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் ஏரிப் பகுதிக்குக் கோடையில் செல்பவர்கள் எந்த ஊரில் தங்கினாலும் பெரிய குறை வைக்காது. இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் தூரத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். டிசம்பரில் கணக்கு மாறிவிடுகிறது. காலை எட்டரை மணியளவில் விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கிடைக்கும் ஏழரை மணி நேர வெளிச்சத்தில் மழையும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே குழந்தைகளுடனும் வயதானவர்களுடனும் செல்லும் குடும்பம், தங்குமிடத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் கரையை எட்டலாம், மழை பிடித்துக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் கூரைக்குள் திரும்பலாம் என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

லண்டனிலிருந்து சென்ற நாங்கள், ஒரு டிசம்பரில் அப்பகுதியின் வின்டர்மியர் ஊரிலும் அடுத்த டிசம்பரில் கெசிக் ஊரிலும் ஐந்தைந்து நாள்கள் தங்கினோம். எங்களிடம் கார் இல்லை. உடன் வந்தவர்கள் ஒன்பது வயது மகனும், முழங்கால் வலியுள்ள என் அம்மாவும்.

போய்ச் சேர்வதில் வின்டர்மியருக்கு நிகரில்லை. 1847-லேயே ரயில் வந்துவிட்ட ஊர் அது. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸன்ஹோம் வரை சென்று, அங்கே கிளைப்பாதை ரயிலுக்கு மாறினால் போதும். கெசிக்கில் 1972-க்குப் பிறகு ரயில் இல்லை. பென்ரித்தில் இறங்கி, பெட்டிகளோடு பேருந்தில் ஏறி மேலும் முக்கால் மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று ரயில்கள் ஓடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளவேண்டும்.

ஆனால் வின்டர்மியர் ரயில் நிலையம் ஏரிக்கரையில் இல்லை. படகுத்துறை இருப்பது சுமார் இரண்டரை கிலோமீட்டர் கீழே, கரையோரத்து ஊரான பௌனஸில். இறங்கும்போது இனிமையாக இருக்கும் அந்தச் சாலை, நனைந்த காலணிகளோடு இருட்டில் ஏறி வரும்போது வேறு சாலையாகிவிடுகிறது. ‘ஏரிக்கு அருகில்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்ததை நம்பி நாங்கள் பிடித்த வீடு, படகுத்துறையிலிருந்து நாற்பது நிமிட ஏற்றத்தில் இருந்தது. அம்மா அந்த ஐந்து நாள்களில் இரண்டே முறைதான் ஏரியைக் கிட்டத்தில் பார்த்தார். அங்கே தங்குவதானால் பௌனஸிலேயே வீடு பாருங்கள்.

பௌனஸில் சிறு குழந்தைகளுக்கு நிறைய உண்டு. இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரியான வின்டர்மியர் ஏரியில் கிறிஸ்துமஸ் நாள் தவிர ஏனைய நாள்களில் படகு ஓடுகிறது. பீட்டர் ராபிட் கதைகளுக்கான கண்காட்சி கூரைக்கு அடியிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டரின் உண்மையான வீடான ஹில் டாப், ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதியில் அது மூடியிருக்கும் என்பதால், அதைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். ரயில் நிலையத்துக்கு எதிரே தொடங்கும் ஆரஸ்ட் ஹெட் நடையை மட்டும் தவறவிடக் கூடாது. 238 மீட்டர்தான் உயரம். உச்சியில் நின்றால் ஏரி முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

கெசிக்கில் எல்லாம் நெருக்கமாக இருக்கிறது. சந்தைச் சதுக்கத்திலிருந்து டெர்வென்ட்வாட்டர் ஏரிக்குப் பத்து நிமிட நடை. கரையிலேயே நாடக அரங்கு. அங்கிருந்து இன்னும் பத்து நிமிடம் சமதளமான பாதையில் நடந்தால் ஃபிரையர்ஸ் கிராக் என்னும் பாறை முனை. அம்மா அங்கே தினமும் நடந்தார். மூன்றாம் நாள் காலை கரையோரத்துச் சிறு குட்டையில் கண்ணாடித் தகடு போல் பனிக்கட்டி உறைந்திருந்தது. மகன் அதை விரல் நுனியால் அழுத்தினான், விரிசல் கோடு அவன் கையிலிருந்து கிளம்பி நாணல்வரை ஓடியது. மழை தொடங்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பென்சில் அருங்காட்சியகத்துக்குள் இருக்கலாம். பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கிராஃபைட்டால்தான் இந்த ஊருக்குப் பென்சில் தொழில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினருக்காக வரைபடமும் திசைகாட்டியும் ஒளித்துச் செய்யப்பட்ட பென்சிலின் முன்னால் என் மகன் அரைமணி நேரம் நின்றான். ஊருக்கு வெளியே, ஏற்றத்தில், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான காஸல்ரிக் கல்வட்டம் இருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை.

கெசிக்கின் குறை மழை. இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிக மழை பெறும் சீத்வெய்ட், இதே பாரோடேல் பள்ளத்தாக்கின் மேல்முனையில்தான் இருக்கிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது; கெசிக் வெள்ளத்தில் மூழ்கியது, கிராஸ்மியரிலிருந்து வரும் சாலை அறுபட்டு 2016 மே மாதத்தில்தான் மீண்டும் திறந்தது. ஆற்றங்கரை வீடு அழகாக இருந்தாலும், கொஞ்சம் மேட்டில் இருக்கும் வீடே நிம்மதி. அதேபோல் எதிரே தெரியும் 451 மீட்டர் கேட்பெல்ஸ் குன்று எளிதாகத் தோன்றினாலும், உச்சிக்கு அருகே பாறையைப் பிடித்து ஏறவேண்டும் என்பதால் உறைபனி நாளில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். குளிர்காலத்தில் ஹெல்வெலின் மலைமீது தினமும் ஆள் ஏறிப் பார்த்து வெளியிடும் மலைநிலை அறிக்கையைக் காலையில் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவதாகப் பலர் சொல்லும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை, மூன்றிலும் அமைதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கார் இல்லாத குடும்பத்துக்கு அது பொருந்தாது. கார் இருந்தாலும், வின்டர்மியர் பக்கத்திலிருந்து செல்லும் 454 மீட்டர் உயரக் கிர்க்ஸ்டன் கணவாய் பனியில் அடைபடக்கூடும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, மூன்று நாள் பயணம் என்றால் பௌனஸ். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்திருந்து, நான்கைந்து நாள் தங்க முடிந்தால், அல்லது நடக்கச் சிரமப்படும் பெரியவர் உடன் இருந்தால், பேருந்து மாறும் அலைச்சலைப் பொருட்படுத்தாமல் கெசிக்குக்கே செல்லுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் குறைந்தாலும், பல இடங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். பிப்ரவரி நடுவிலுள்ள பள்ளி அரைப்பருவ விடுமுறையில் மாலை ஐந்து மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால், அடுத்த முறை நாங்கள் அந்த வாரத்தில்தான் கெசிக்குக்குப் போகிறோம்.