அடாபலினா, அசெலாயிக் ஆசிடா? சேலத்து வெயிலில் முப்பதைத் தாண்டிய முகத்துக்கு

முப்பது வயதுக்கு மேல் தாடையோரம் கிளம்பும் பருவுக்கும், கன்னத்தில் வெயில் ஏற்றிவிட்ட கருமைக்கும் சேர்த்து ஒரே ஒரு டியூப்தான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு அசெலாயிக் ஆசிடுக்குத்தான். அடாபலின் ஜெல்லையும் பூசிப் பார்த்தவள் நான். பருவை மட்டும் கணக்கில் எடுத்தால் கெட்டிக்கார மருந்து அதுதான். ஆனால் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு தினமும் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய்வருகிற முகத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கடலைமாவும் தயிரும் அழுக்கை எடுக்கும், பருவை எடுக்காது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கவே கூடாது. தோல் வெந்து கறுத்துவிடும். சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் எண்ணெய் வடியும் முகத்துக்கு நல்லது, ஆனால் உடனே கழுவிவிடுகிற பொருள் எவ்வளவுதான் செய்யும்? நியாசினமைடு சீரம் சாதுவானது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் அங்கே பொரிப்பொரியாக வரும். அதற்கு எண்ணெயைக் குறைப்பதுதான் வைத்தியம்.

அடாபலின் ரெட்டினாய்டு வகை, வைட்டமின் ஏ-க்குச் சொந்தம். மயிர்க்கால் துளையில் செத்த தோல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போதுதான் பரு ஆரம்பிக்கிறது; அந்த அடைப்பையே இது விழவிடாது. அதனால் மூக்கிலும் முகவாயிலும் மண்டியிருக்கும் கரும்புள்ளி, வெண்புள்ளிகளுக்கு இதற்கு ஈடில்லை. அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்றது. 2016 முதல் அங்கே 0.1 சதவீத ஜெல்லை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். இரவில் மட்டும், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு போதும். 15 கிராம் டியூப் ஒன்றரை, இரண்டு மாதம் ஓடும். பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த ஜெல்லும் இருக்கிறது. அதைப் பூசிக்கொண்டு படுத்தால் அரக்கு நிறத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் ஆரஞ்சாக வெளுத்துக் கிடக்கும். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அசெலாயிக் ஆசிட் 10, 15, 20 சதவீதங்களில் வருகிறது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருப்பது. நம் தோலில் வாழும் ஒரு பூஞ்சையும் அதை உண்டாக்குகிறது. பருக் கிருமியை அடக்கும், சிவப்பைத் தணிக்கும், அதோடு நிறமியை அளவுக்கு மீறிச் சுரக்கும் செல்களின் வேகத்தைக் குறைக்கும். கறை இருக்கும் இடத்தில்தான் அதன் வேலை. சுற்றியுள்ள நல்ல தோலை அது வெளுக்காது. ஆனால் காலை, இரவு என இரண்டு வேளையும் பூச வேண்டும். அதனால் 15 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தாலே பெரிது. டியூப் கணக்கு மட்டும் போட்டால் அடாபலின்தான் சிக்கனம், சந்தேகமில்லை.

என்னைத் திருப்பியது கறைதான். நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலில் பரு ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். அது விட்டுப்போகும் கறை மாதக்கணக்கில் நிற்கும். எரிச்சல் எதுவாக இருந்தாலும் நம் தோலின் பதில் ஒன்றுதான்: கறுத்துக்கொள்ளும். பருவைக் கிள்ளினால் மட்டும்தான் கறை என்றில்லை. மருந்தே தோலைப் புண்ணாக்கினாலும் கறைதான். அடாபலினின் ஆரம்ப வாரங்களில் தோல் காய்ந்து உரிவது சகஜம். எனக்கு மூக்கோரம் பொடிப்பொடியாக உரிந்தது; வாயோரம் ரசம் பட்டால் சுரீரென்றது. உள்ளே ஒளிந்திருந்த பருக்களும் அந்தச் சமயத்தில் மொத்தமாக வெளியே வந்தன. ஸ்டாஃப் ரூமில் "என்னங்க டீச்சர், மூஞ்சி இப்படி உரிஞ்சு போயிருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. பொறுத்துக்கொண்டால் இரண்டு, மூன்று மாதத்தில் தோல் பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உரிந்த அந்தத் தோலோடு எந்த வெயிலில் நடக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டாமா?

சேலம் ஏறத்தாழ 11.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒருமுறை, உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். ஏப்ரலில் எல்லோரும் குடை பிடிக்கிறார்கள். ஆகஸ்டில் காற்றும் மேகமுமாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை; ஆனால் மேகம் விலகிய நேரத்தில் புற ஊதாக் கதிர் ஏப்ரலில் இருக்கும் அளவுக்கே இறங்குகிறது. ஏற்காட்டுக் கதை இன்னும் மோசம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். குளிர்கிறதே என்று ஏரிக்கரையில் வெயில் காய்கிறவர்கள் கீழே இருப்பதைவிட அதிகமாகவே வாங்கிக்கொள்கிறார்கள். மெல்லிய பனிமூட்டமும் பெரும்பங்குக் கதிரை உள்ளே விட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் மலைக்காற்று வேறு தோலைக் காயவைக்கும். அடாபலின் உரித்த முகத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

அசெலாயிக் ஆசிடில் இந்தப் பயம் குறைவு. வெயிலில் தோலைக் கூச்சப்பட வைக்காது, அதனால்தான் காலையிலும் பூச முடிகிறது. அதற்காகத் தொந்தரவே இல்லை என்று சொல்லமாட்டேன். பூசிய ஐந்தாவது நிமிடம் கன்னத்தில் எறும்பு ஊறுவதுபோல் அரிக்கும்; கை தானாகப் போகும், சொறியக் கூடாது. சில வாரங்களில் அது அடங்கிவிடும். ஈர முகத்தில் பூசினால் அரிப்பு கூடும் என்பதால் நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகே பூசுகிறேன். காலையில் இதன்மேல் உடனே சன்ஸ்கிரீன் தடவினால் இரண்டும் திரண்டு உருண்டு வரும். பத்து நிமிடம் விட வேண்டும். அதற்குள் பின்னலைப் போட்டு டிபன் பாக்ஸைக் கட்டிவிடலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும். மூன்று மாதம் பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அடாபலினைத் தொடக்கூடாது. அவர்களுக்கும் மருத்துவர்கள் தயங்காமல் எழுதிக் கொடுப்பது அசெலாயிக் ஆசிட். பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு படர்ந்தவர்களுக்கும் இதுவே முதலில் யோசிக்கத் தக்கது.

எதை வாங்கினாலும் சன்ஸ்கிரீனுக்குக் காசு ஒதுக்காவிட்டால் இரண்டுமே வீண். எஸ்.பி.எஃப். என்பது டியூப்பில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண். அது 30 என்றால் புற ஊதா பி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, 30-ஐயே தாராளமாகப் பூசலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். புற ஊதா ஏ கதிருக்காகப் பி.ஏ. குறியையும் பார்த்து வாங்குங்கள். மங்கு இருப்பவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கருக்கும். குடை எல்லாவற்றையும்விட மலிவு.

இரண்டிலும் சேராத மூன்றாவது டியூப் ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் மங்குக்கு என்று கேட்டாலே "அக்கா, இதைப் போடுங்க, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்" என்று எடுத்து நீட்டுவார்கள். டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தியதும் பரு இரட்டிப்பாகக் கிளம்பும். 2018-இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டவணை எச்-இல் சேர்த்தார்கள். நம் தெருக்களில் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. என் கூடப் பிறந்தவளாக இருந்தால் கையிலிருந்து பிடுங்கி எறிவேன்.

அடாபலினைத் தாராளமாக எடுக்கலாம் என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. நாள் முழுக்கக் கட்டடத்துக்குள் வேலை, எண்ணெய் வழியும் தோல், கறையைவிடக் கரும்புள்ளிதான் தொல்லை என்றால் அதுதான் சரி. கண்ணோரச் சுருக்கத்திலும் ரெட்டினாய்டு வகைக்குத்தான் கை ஓங்கும். அசெலாயிக் ஆசிடிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாய்ஸ்சரைசர் பூசி அதன்மேல் போட்டால் உரிவது நன்றாகக் குறையும். காலையில் அசெலாயிக், இரவில் அடாபலின் என்று சேர்த்து எழுதித் தருகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப் பூசியது கொஞ்ச காலம்தான், அதுவும் மழை மாதங்களில். அதை வைத்துக் கோடைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தொட்டாலே வலிக்கும் ஆழமான கட்டிப் பருவுக்கும் குழித் தழும்புக்கும் இந்த இரண்டு டியூப்புமே போதாது. மாதவிடாய் தள்ளிப்போவதோடு முகவாயில் முடியும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பரிசோதனை அவசியம். தனியார் கிளினிக் ஃபீஸுக்கு யோசிப்பவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள், இதுவரை பூசிய டியூப்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.