நரம்புச் சுருட்டல்: காலுறையா, லேசரா, நுரை ஊசியா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நாள் முழுவதும் அயர்ன் மேசை முன் நிற்பவர்களும், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களும் கெண்டைக்காலில் புடைத்து நெளிவதை ‘நரம்பு சுருட்டல்’ என்கிறார்கள். அது நரம்பன்று, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. பெயரை நம்பி நரம்புக்கான சத்து மாத்திரைகளை விழுங்குவதால் பயனில்லை.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு பழுதானால் ஏற்றிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து விவசாயிகள் அறிந்ததே. சிரைக்குள்ளும் அத்தகைய ஒருவழி வால்வுகள் உள்ளன, கெண்டைத்தசை மோட்டாராகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் சிரை அழுத்தம், நடக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ 30க்கு இறங்கிவிட வேண்டும். வால்வு கசிந்தால் அந்த அளவுக்கு இறங்காது. வீக்கமும், தோல் கறுத்தலும், ஆறாத புண்ணும் அதன் தொடர்ச்சியே.

அழுத்தக் காலுறை வெளியிலிருந்து சிரையை நெருக்குகிறது. அழுத்த அளவைப் பொறுத்து இதை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்; இரண்டாம் வகுப்புக் காலுறையின் அழுத்தம் 23 முதல் 32 மி.மீ. வரை. காலையில் கால் வீங்குமுன் அணிந்தால் வலியும் கனமும் குறையும். ஆனால் அது வால்வைச் சரிசெய்வதில்லை. கழற்றினால் பழைய நிலைதான். சித்திரை வெயிலில் நீராவிக்கு நடுவே அதை அணிந்து நிற்கச் சொல்வது எளிது, நிற்பது எளிதன்று. சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் காலின் தமனி ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் இதை அணியவே கூடாது.

லேசர், ரேடியோ அலை ஆகிய வெப்ப முறைகளில், கசியும் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசி போதும். பெரும்பாலோர் அன்றே நடக்கிறார்கள். ‘அடைத்துவிட்டால் இரத்தம் எப்படிப் போகும்?’ என்ற கேள்வி நியாயமானது. காலின் இரத்தத்தில் சுமார் 90 சதவீதத்தை, தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகளே கொண்டுசெல்கின்றன. தோலுக்கடியில் உள்ள மேற்சிரையை மூடினாலும் அவை ஈடுகட்டும். ஆனால் ஆழ்சிரையில் பழைய இரத்தக்கட்டி அடைத்திருந்தால் அந்த மேற்சிரையே மாற்றுவழியாக இருக்கக்கூடும் என்பதால், சிரையின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் எவரும் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி அதை மூடும் நுரை ஊசி செலவு குறைந்தது, கிளைச் சிரைகளுக்கு ஏற்றது. பெரிய சிரையில் செலுத்தும்போது அது மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு வெப்ப முறையைவிட அதிகம். தொடையிடுக்கில் கீறிச் சிரையை உருவும் பழைய அறுவையில் வலியும் ஓய்வும் கூடுதல். குழாய் நுழைய முடியாதபடி வளைந்த சிரைகளுக்கு இன்றும் அது பயன்படுகிறது. பிரிட்டனின் 2013 வழிகாட்டுதலும் வெப்ப முறை, நுரை, அறுவை என்றே வரிசைப்படுத்தி, இவை பொருந்தாதவர்களுக்கே காலுறையைப் பரிந்துரைக்கிறது.

வீக்கம் மட்டும் உள்ளவர், ஸ்கேன் பார்த்து முடிவெடுக்கும் வரை காலுறையோடு வேலைக்குச் செல்லலாம். கணுக்காலில் புண் வந்தவருக்கு அந்தத் தாமதத்தை நான் ஏற்கவில்லை. 2018இல் பிரிட்டனில் 450 பேரிடம் நடந்த ஆய்வில், காலை இறுக்கிக் கட்டுப் போடுவதோடு சிரையையும் விரைவில் மூடியவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாட்களும், மூடுவதைத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாட்களும் ஆயின. நின்று உழைப்பவருக்கு இந்த 26 நாள் என்பது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.