"எல்லாம் அடங்கும்" என்று சொன்ன காப்பீட்டு முகவர்

புல்தரைப் பராமரிப்புத் தொழில் செய்கிறவர்களுக்கு, குறிப்பாக என்னைப்போல் இரண்டு ஆட்களையும் ஒரு வண்டியையும் வைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நம் வேலையால் மற்றவர்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதற்காக எடுக்கும் பொறுப்புக் காப்பீட்டு பாலிசியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். முகவர் கொடுத்த ஒற்றைத் தாளைச் சொல்லவில்லை, முழு பாலிசியைச் சொல்கிறேன்.

அந்த ஒற்றைத் தாளை நான் 3 ஆண்டுகள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் வைத்திருந்தேன். காப்பீட்டுச் சான்றிதழ். வாடிக்கையாளர் கேட்டால் பெருமையாக நீட்டுவேன். இது தகவலுக்காக மட்டுமே, இதனால் எந்த உரிமையும் ஏற்படாது என்று அதிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்த அன்றுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது.

நடந்தது இதுதான். ஒரு வீட்டுப் புல்தரையில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி அடித்தோம். புல்லைத் தொடாமல் களையை மட்டும் கொல்லும் மருந்து. காலையில் காற்றே இல்லை. மதியம் வெயில் ஏறியது. நான் வாங்கியிருந்தது எஸ்டர் வகை. அடித்துப் பல மணி நேரம் கழித்தும் சூட்டில் ஆவியாகிப் பக்கத்துக்குப் போகக்கூடியது. அமைன் வகை அந்த அளவுக்கு ஆவியாகாது. தெரிந்திருந்தும் கடையில் கிடைத்ததை வாங்கி வந்தேன். அது முழுக்க என் தவறு.

சில நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளித் தண்டுகள் கயிறு முறுக்கியதுபோல் திருகி நின்றன. நுனி இலைகள் கிண்ணமாகக் குவிந்திருந்தன. திராட்சைக் கொடியின் இளம் இலைகள் விசிறி மடிப்பாகச் சுருங்கி, நரம்புகள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. அவர் கத்தவில்லை. ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார், அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

முகவரிடம் சொன்னேன். "கவலையே படாதீர்கள் சார், இதற்குத்தானே பாலிசி எடுத்தோம்" என்றார். அந்தத் தைரியத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம், தவறு என்னுடையதுதான், முழு நஷ்டத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பதும் பாலிசியில் ஒரு நிபந்தனை. அதையும் பிறகுதான் படித்தேன்.

நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மாசு விலக்கு, அதாவது மாசினால் வரும் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்ற விதி. களைக்கொல்லி பரவி உண்டாகும் சேதம் அதற்குள் வந்துவிடுகிறது. தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி, அதையும் பாலிசிக்குள் சேர்க்கும் இணைப்பு வாங்கியிருந்தால்தான் பணம் கிடைக்கும். இரண்டு, விண்ணப்பத்தில் என் தொழில் 'புல் வெட்டுதல்' என்று மட்டுமே இருந்தது.

அந்த விண்ணப்பத்தை நிரப்பியவர் முகவர். புல் வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, மருந்து அடிப்பது, எப்போதாவது மரக்கிளை வெட்டுவது என்று ஒவ்வொன்றாக அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். "மருந்து என்று போட்டால் பிரீமியம் ஏறிவிடும், நமக்கு எதற்கு அது? எல்லாம் அடங்கும் சார்" என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்த 'நமக்கு' என்பதில் அவர் இல்லை என்பது கடிதம் வந்த பிறகு தெரிந்தது. கேட்கப் போனபோது, "அப்படி நான் சொல்லவே இல்லையே, கையெழுத்து உங்களுடையது" என்றார். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

ஆத்திரத்தில் உட்கார்ந்து பாலிசி முழுவதையும் படித்தேன். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மரவேலை செய்தால் கிடையாது. தோண்டும்போது மண்ணுக்கடியில் இருக்கும் குழாயோ கேபிளோ அறுந்தால் கிடையாது. என் ஆட்களுக்கு அடிபட்டால் இதில் வராது, அதற்கு வேறு காப்பீடு வேண்டும். என் இயந்திரங்கள் திருடுபோனாலும் அப்படியே. புல்வெட்டி கல்லைத் தெறிக்கவிட்டுக் கண்ணாடி உடைந்தால் மட்டும் அடங்கும். ஆனால் நாம் முதலில் கைப்பணம் போட வேண்டிய தொகை ஒரு ஜன்னல் கண்ணாடியின் விலையைவிட அதிகம். பிறகு எதற்குத்தான் கட்டினேன்?

தக்காளிக்கும் திராட்சைக்கும் நான்தான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் 4 தவணைகள் பாக்கி.

இப்போது வேறொரு முகவர். நான் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அடங்குமா? பாலிசியில் எந்தப் பக்கம்?' என்று கேட்டு அனுப்பினேன். அந்த அம்மாள் 2 நாள் எடுத்துக்கொண்டு பக்க எண்ணோடு பதில் எழுதினார். மரவேலைக்கு எதிரே 'அடங்காது' என்று நேராகவே போட்டிருந்தார். மருந்துக்கு எதிரே, 'தனி இணைப்போடு அடங்கும், தெளிப்பவரிடம் உரிமம் இருந்தால் மட்டும்' என்று இருந்தது. உரிமம் என் பெயரில் இருக்கிறது. அதனால் தெளிப்பானை இப்போது நான் மட்டுமே தூக்குகிறேன், பையன்கள் புல் வெட்டுகிறார்கள்.