எட்டு மாசமா போற டயாலிசிஸ் சென்டர்: நாலு ஸ்டார்

செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி ஷிப்ட். தடவைக்கு நாலு மணி நேரம்.

முன்னாடி போன இடத்துல எடை பார்ப்பாங்க, மெஷின்ல நம்பரைத் தட்டுவாங்க, போயிடுவாங்க. ஒரு நாள் உடம்புல இருந்து மூணரை லிட்டர் நீர் எடுத்தாங்க. மூணாவது மணி நேரத்துல கெண்டைக்கால் சுருட்டி இழுத்துச்சு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து பெட் பெரியவர் முழிச்சுக்கிட்டார்.

இங்க டெக்னீஷியன் தம்பி முதல்ல கேக்குறதே, "அண்ணே, போன தடவை வீட்டுக்குப் போனதும் எப்படி இருந்துச்சு?" தலை சுத்துச்சுன்னு சொன்னேன். டாக்டர் வந்து கால் வீக்கம், பிபி எல்லாம் பார்த்துட்டு ட்ரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீரை எடுத்து முடிச்சதும் இருக்க வேண்டிய எடையை, அரைக் கிலோ ஏத்தினார்; அதனால எடுக்குற நீர் குறைஞ்சுது. இப்ப சாயங்காலம் கடையைத் திறந்து உக்கார முடியுது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய்களை இணைச்ச இடம்) இருக்குற கையில ஊசி எந்த இடத்துலன்னும் என்னைக் கேட்டுத்தான் குத்துறாங்க.

குறையும் இருக்கு. ஏசி குளிர் எலும்பைத் துளைக்குது, போர்வை நாமதான் கொண்டு போகணும். டயட் சீட்டுல, பொட்டாசியம் அதிகம்னு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது. சரி, எதைத்தான் திங்கிறது? காயைப் பொடியா நறுக்கி, நிறைய தண்ணியில வேகவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா பொட்டாசியம் குறையும்னு எதிர் பெட் அக்காதான் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த ஒரு ஸ்டாரை அதுக்குத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்.