உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ்: போடுவது ஒரு நிமிடம், எடுப்பது ஒரு ராத்திரி

கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட், பரீட்சைக் கட்டணம், சான்றிதழ் விண்ணப்பம், அப்புறம் பிரிண்ட். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் இல்லை, உபுண்டு 22.04 என்கிற லினக்ஸ். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், "ஏனுங்க, விண்டோஸ் இல்லீங்களா?" என்று ஒரு சந்தேகத்தோடுதான் உட்காருவார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்பதில்லை. கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-ல் கைட் என்று ஆன திட்டத்தால், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் பார்ப்பதே லினக்ஸ்தான். கட்டளைகளை அடிக்கிற டெர்மினலை எனக்கு அறிமுகப்படுத்தியதும் பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள்தான்.

வேலை முழுக்க பிரவுசரில். அதனால் பிரவுசர் படுத்தால் கடை படுத்த மாதிரி. (வாடிக்கையாளர்களுக்குப் பிரவுசர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. "கூகுளைத் திறங்க" என்பார்கள்.)

முன்னால் இருக்கிற பெட்டி பழசு. 4 ஜிபி ராம், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். காலையில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை அழுத்திவிட்டு, வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தால் அப்போதுதான் ஜன்னல் திறக்கும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் ரொம்ப இல்லை. ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் சிக்கல் இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: 22.04-ல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகிறது. தனக்கு வேண்டிய லைப்ரரிகளில் பெரும்பகுதியைத் தானே சுமந்துகொண்டு, சுருக்கிக் கட்டிய மூட்டையாக இருக்கும். பழைய டிஸ்க்கில் அந்த மூட்டையைப் பிரிக்கவே நேரம் போகிறது.

மெதுவாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். 2024-ல் ஒரு நாள் கான்ட்ராக்டர் ஒருவர் டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு வந்தார். செருகினால் டோக்கனில் விளக்கு எரிகிறது. ஃபயர்பாக்ஸின் பாதுகாப்புச் சாதனங்கள் பகுதியில், டோக்கனோடு பேச உதவும் மாட்யூல் கோப்பைக் காட்டினால் ஏற்க மறுக்கிறது. ஸ்னாப் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. வேலிக்கு வெளியே கிடக்கிற அந்தக் கோப்பை அதனால் எடுக்க முடியவில்லை. "நாலு மணிக்குள்ள போடோணுமுங்க அக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி ஸ்னாப்பைத் தூக்குவது என்று உட்கார்ந்தேன். கட்டளையை அடித்து என்டர் தட்டப் போனபோது மகள் கையைப் பிடித்தாள். "அம்மா, பாஸ்வேர்டெல்லாம் எடுத்தாச்சா?" எடுக்கவில்லை. உபுண்டுவில் மென்பொருள் போடவும் எடுக்கவும் ஆப்ட் என்று பழைய வழி ஒன்று உண்டு. அதன் வழியாகப் போட்ட பிரவுசரை நீக்கினால் நிரல் மட்டும்தான் போகும், வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) இருக்கிற, நம் புக்மார்க், பாஸ்வேர்டு அடங்கிய புரொஃபைல் அப்படியே கிடக்கும். ஸ்னாப் அப்படி இல்லை. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். போகும்போது ஸ்னாப்ஷாட் என்று ஒரு நகல் எடுத்து 31 நாள் வைத்திருக்கும், அவ்வளவுதான். பர்ஜ் என்று சேர்த்து அடித்தால் அந்த நகலும் கிடையாது. அந்த புரொஃபைல் இருக்கிற இடம்: வீட்டுக் கோப்புறையில் ஸ்னாப், அதற்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் காமன், அதற்குள் புள்ளியில் தொடங்கும் மொசில்லா கோப்புறை. கன்ட்ரோல்-ஹெச் தட்டினால்தான் கண்ணில் படும். அதைப் பென் டிரைவில் போட்ட பிறகுதான் என்டர்.

நீக்கியதும், வெற்றிகரமாக ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ் என்று அடித்தேன். வந்தது யார்? அதே ஸ்னாப். உபுண்டுவின் ஆப்ட்டில் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் இருப்பது வெறும் புரோக்கர்; அது போய் ஸ்னாப்பைக் கூட்டிவரும். சரி, ஃபயர்பாக்ஸைச் செய்கிற மொசில்லாவே 2024 ஜனவரியிலிருந்து 122-ஆம் பதிப்போடு, ஆப்ட் போடுகிற வகையான டெப் பொட்டலங்களுக்குத் தனிக் களஞ்சியம் நடத்துகிறது என்று பார்த்து அதைச் சேர்த்தேன். மறுபடியும் ஸ்னாப்! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விஷயம் பதிப்பு எண்ணில் இருந்தது. உபுண்டுவின் புரோக்கர் பொட்டலத்தின் எண்ணுக்கு முன்னால் 1 போட்டு ஒரு முக்கால்புள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த 1 இருந்தால், மொசில்லா பக்கம் 122 வந்தாலும் 150 வந்தாலும் ஆப்ட் கணக்கில் உபுண்டுவின் புரோக்கர்தான் புதுசு. இதை மீற, மொசில்லா களஞ்சியத்துக்கு 1000 முன்னுரிமை என்று ஆப்ட் பிரிஃபரன்சஸில் ஒரு சின்னக் கோப்பு எழுத வேண்டும். மொசில்லாவின் செய்முறையிலேயே இருந்தது. நீளமாக இருக்கிறதே என்று நான்தான் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன்.

மறுநாள் காலை கடைப்பையன், "அக்கா, நெட் போயிருச்சு" என்றான். நெட் இருந்தது. ஓரப் பட்டையில் குத்தி வைத்திருந்த பழைய ஐகான்தான் ஸ்னாப்போடு போயிருந்தது.

அதன்பின் இந்தப் பெட்டியில் டெப் ஃபயர்பாக்ஸ்தான். ஜன்னல் சட்டென்று திறக்கிறது, டோக்கன் வேலை செய்கிறது. குறையும் உண்டு. ஸ்னாப் தானாகவே அப்டேட் ஆகிவிடும். இது நான் கவனித்தால்தான் ஆகும். நாலு வாரத்துக்கு ஒரு பதிப்பு வருவதால் ஞாயிற்றுக்கிழமை அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன்.

வீட்டுக் கோப்புறை அப்படியே கிடக்கும் என்றேனே, அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. முன்பு குரோமை ஆப்ட்டில் நீக்கிவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்பப் போட்டேன். திறந்தால் யாரோ ஒருவரின் மெயில் உள்நுழைந்தபடியே நிற்கிறது. புரொஃபைல் இருக்கிற கான்ஃபிக் கோப்புறையை நான் துடைக்கவில்லை. பலர் உட்காரும் கடையில் இது பெரிய தப்பு. இப்போதெல்லாம் எந்தப் பிரவுசரை எடுத்தாலும் அதன் கோப்புறையையும் கையோடு அழித்துவிடுகிறேன். வாடிக்கையாளர் உட்காரும்போதே, மூடினால் உள்நுழைவு தங்காத பிரைவேட் ஜன்னலைத்தான் திறந்து தருகிறேன்.

இரண்டாவது பெட்டியில் சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கிறது. அதில் ஸ்னாப் ஃபயர்பாக்ஸே வேகமாகத் திறக்கிறது, டோக்கன் வேலையும் அதில் இல்லை. அதை நான் தொடவில்லை.