ஏலத்துக்குப் போகாமல் வீட்டைத் திரும்பப் பெற உதவிய சட்ட அலுவலகம்

டெக்சாஸில் இருந்த என் வீட்டை, வங்கியின் துணையின்றி, வாங்கியவருக்கு நானே தவணை கொடுத்து விற்றிருந்தேன். கிரயப் பத்திரம் அவர் பெயருக்கு மாறியது. பாக்கித் தொகைக்குப் புரோநோட்டும் அடமானப் பத்திரமும் என்னிடம் இருந்தன. தவணைகள் நின்றபோது, வீட்டை எனக்கே திருப்பி எழுதித் தர அவர் முன்வந்தார். ஒரு பத்திரம் எழுதினால் போதும் என்று நினைத்துச் சென்ற என்னை வழக்கறிஞர் தடுத்து நிறுத்தினார். அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முதல் அடமானத்தின்பேரில் ஏலம் நடந்தால் பின்னர் பதிவான கடன்கள் பொதுவாகச் சொத்தைவிட்டு நீங்கிவிடும். தாமாக எழுதித் தரும் பத்திரத்திலோ அவை வீட்டோடு சேர்ந்தே வந்துவிடும். வில்லங்கம் பார்த்தபோது, கூரை வேலைக்கான பாக்கிக்காக ஒப்பந்ததாரர் வீட்டின் மேல் பதிவு செய்திருந்த உரிமை வெளிப்பட்டது. அது தீர்ந்த பிறகே கையெழுத்து நடந்தது. எனக்குத் தெரியாத வில்லங்கத்தை வாங்கியவர் சொல்லாமல் விட்டிருந்தால், 4 ஆண்டுகளுக்குள் பத்திரத்தை நான் ரத்து செய்யலாம் என்று டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 51.006ஆம் பிரிவையும் விளக்கினார்கள்.

வாங்கியவரிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் என்னை நெகிழவைத்தது. தனி வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறச் சொன்னார்கள். வற்புறுத்தலின்றி எழுதித் தருகிறார் என்ற உறுதிமொழியைப் பெற்று, மீதிக் கடன் முழுவதும் தீர்ந்ததாக என்னிடமும் எழுதி வாங்கினார்கள். பிறகு பத்திரத்தைக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவு செய்தார்கள்.

கட்டண விவரத்தை முன்கூட்டியே எழுத்தில் தராதது மட்டுமே குறை.